விஎம் எழுந்துவிட்டது, நெட்வொர்க் எழவில்லை: ஓபன்ஸ்டாக் கிளவுடில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சொந்த டேட்டா சென்டரில் ஓடும் ஓபன்ஸ்டாக், அதாவது விஎம்களை (மெய்நிகர் இயந்திரங்களை) உருவாக்கி நடத்தும் திறந்தமூல கிளவுட் மென்பொருள். நியூட்ரான் (ஓபன்ஸ்டாக்கின் நெட்வொர்க் சேவை), அதன் எம்எல்2 ப்ளகின், நோட்டுகளில் ஓபன் விசுவிட்ச் (ஓவிஎஸ்) என்ற மென்பொருள் சுவிட்சை நடத்தும் ஏஜென்ட், டெனன்ட் (பயனாளர்) நெட்வொர்க்குகளுக்கு விஎக்ஸ்லேன் டன்னல் என்பது அமைப்பு. ஓவிஎன் என்ற மாற்று அமைப்பைப் போட்டிருப்பவர்களுக்கு ஏஜென்டுகளும் நேம்ஸ்பேஸ்களும் (லினக்ஸுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க் வெளிகள்) வேறு மாதிரி இருக்கும். ஆனால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு), செக்யூரிட்டி குரூப் (போர்ட்டுக்கான ஃபயர்வால் விதிகள்), கெஸ்ட் ஓஎஸ் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) பற்றிய பகுதிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

'விஎம்முக்கு நெட்வொர்க் வரவில்லை' என்று ஒரு டிக்கெட் வந்ததும் பலருடைய கை நேராக ஏஜென்டை ரீஸ்டார்ட் செய்யப் போகும். சில நேரம் சரியாகியும் விடும். ஏன் சரியானது என்று தெரியாததால் அடுத்த வாரம் அதே டிக்கெட் திரும்பி வரும். அதற்குப் பதிலாக, பாக்கெட் கடைசியாக எங்கே உயிரோடு இருந்தது என்று தேடுங்கள். அந்த இடம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதற்கு அடுத்த ஒரு அடியில்தான் இருக்கும்.

தொடங்கும் முன்

மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: விஎம்மின் நியூட்ரான் போர்ட் (அதன் மெய்நிகர் நெட்வொர்க் இணைப்பு) ஐடி, விஎம் ஓடும் சர்வரான கம்ப்யூட் நோட், நெட்வொர்க் ஐடி. 'ஓபன்ஸ்டாக் போர்ட் லிஸ்ட்' கட்டளைக்கு விஎம் ஐடியைக் கொடுத்தால் போர்ட் கிடைக்கும். 'போர்ட் ஷோ' வெளியீட்டில் ஸ்டேட்டஸ், பைண்டிங் ஹோஸ்ட் (எந்த நோட்), விஐஎஃப் டைப் (எப்படி இணைந்திருக்கிறது), ஃபிக்ஸ்ட் ஐபி (விஎம்மின் உள் முகவரி) ஆகிய நான்கு வரிகளை முதலில் படித்தால் போதும்.

போர்ட் ஐடியின் முதல் 11 எழுத்துகளுக்கு முன்னால் 'டேப்' என்று சேர்த்தால், கம்ப்யூட் நோட்டில் அந்த விஎம்மின் இன்டர்ஃபேஸ் பெயர் வந்துவிடும். ஐடி 31749072-06 என்று தொடங்கினால் பெயர் டேப்31749072-06. லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பெயர் 15 எழுத்தைத் தாண்ட முடியாது. அதனால்தான் முழு ஐடியும் வராமல் இப்படி வெட்டப்படுகிறது.

பாக்கெட் போகும் வழி இது: டேப், பிஆர்-இன்ட் (நோட்டின் உள் பிரிட்ஜ்), பிஆர்-டன் (டன்னல் பிரிட்ஜ்), அங்கே விஎக்ஸ்லேன் உறை போடப்பட்டு நோட்டின் நெட்வொர்க் கார்டு, எதிர்ப்பக்கம் நெட்வொர்க் நோட்டின் பிஆர்-டன், பிஆர்-இன்ட், பிறகு க்யூடிஎச்சிபி (டிஎச்சிபி சேவை) அல்லது க்யூரவுட்டர் (ரவுட்டர்) நேம்ஸ்பேஸ், வெளியே போவதானால் பிஆர்-எக்ஸ் (வெளிப் பிரிட்ஜ்). ஹைபிரிட் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் டிரைவர் இருக்கும் இடங்களில் டேப்புக்கும் பிஆர்-இன்ட்டுக்கும் நடுவில் க்யூபிஆர் என்று தொடங்கும் ஒரு லினக்ஸ் பிரிட்ஜும் உண்டு.

அடுத்து 'நெட்வொர்க் ஏஜென்ட் லிஸ்ட்'. உயிரோடு இருக்கும் ஏஜென்டுக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகக்குறி வரும், செத்ததற்கு மூன்று எக்ஸ். ஏஜென்ட் 30 விநாடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். 75 விநாடி தகவல் வராவிட்டால் செத்ததாகக் கணக்கு. இரண்டும் இயல்பு மதிப்புகள். ஏஜென்ட் ப்ராசஸ் ஓடிக்கொண்டிருந்தும் எக்ஸ் காட்டினால் இரண்டைப் பாருங்கள்: ரேபிட்எம்க்யூ (சேவைகளுக்கு நடுவே செய்தி கொண்டுபோவது) இணைப்பு, பிறகு கடிகாரம். நோட்டுகளின் நேரம் ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் நன்றாக ஓடும் ஏஜென்டும் செத்ததாகத் தெரியும். நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனியின் 'க்ரோனிசி ட்ராக்கிங்' கட்டளை பத்து விநாடியில் விடை சொல்லிவிடும்.

அறிகுறி: விஎம் உருவாகவே இல்லை, எரர் நிலைக்குப் போகிறது

எவ்வளவு நேரத்தில் எரர் ஆனது என்பதைக் கவனியுங்கள்.

உடனே ஆகி, 'தகுந்த ஹோஸ்ட் எதுவும் இல்லை' என்ற மாதிரி செய்தி வந்தால் அதை நம்பி ரேம், சிபியு கணக்கில் இறங்காதீர்கள். நோவா (விஎம்களை உருவாக்கும் சேவை) ஒரு ஹோஸ்டில் தோற்றால் அடுத்ததில் முயலும். இயல்பாக மொத்தம் 3 முயற்சி. கடைசியில் கண்ணில் படுவது சலித்துப்போன பொதுச் செய்திதான். உண்மையான காரணம் முதலில் முயன்ற கம்ப்யூட் நோட்டின் நோவா-கம்ப்யூட் லாகில் இருக்கும். அங்கே 'போர்ட் பைண்டிங் ஃபெயில்ட்' என்று இருந்தால் இது நெட்வொர்க் பிழை.

பைண்டிங், அதாவது போர்ட்டை ஒரு நோட்டோடு பிணைப்பது, தோற்பதற்கான காரணங்கள் சிலவே. அந்த நோட்டில் ஓவிஎஸ் ஏஜென்ட் செத்திருக்கலாம். ப்ரொவைடர் நெட்வொர்க்கின் (டேட்டா சென்டரின் உண்மையான நெட்வொர்க்கோடு நேராக இணைந்தது) ஃபிசிக்கல் நெட்வொர்க் பெயர், அந்த நோட்டின் பிரிட்ஜ் மேப்பிங்ஸில் இருக்கும் பெயரோடு ஒரு எழுத்து பிசகியிருக்கலாம். ஏஜென்ட் கான்ஃபிகில் டன்னல் டைப்ஸில் விஎக்ஸ்லேன் விட்டுப்போயிருக்கலாம். இன்னொன்றைக் கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும்: நோவா அந்த நோட்டைக் குட்டையான ஹோஸ்ட்நேமில் அறிந்திருக்கும், நியூட்ரான் ஏஜென்ட் டொமைனோடு சேர்ந்த முழுப் பெயரில் பதிந்திருக்கும். இரண்டும் ஒரே இயந்திரம் என்று நியூட்ரானுக்குத் தெரியாது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் பழைய போர்ட் தானாகத் தேறாது. விஐஎஃப் டைப் 'பைண்டிங் ஃபெயில்ட்' என்றே நின்றால், போர்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள், அல்லது விஎம்மை வேறு நோட்டுக்கு நகர்த்துங்கள். புது விஎம் என்றால் அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்குவது வேகம்.

சரியாக ஐந்து நிமிடம் காத்திருந்து எரர் ஆனால் கதை வேறு. 'போர்ட் தயார்' என்று நியூட்ரான் சொல்வதற்காக நோவா 300 விநாடி காத்திருக்கிறது, அது வரவில்லை. ஒன்று, ஏஜென்ட் போர்ட்டை வயர் செய்யவில்லை. இல்லையென்றால் வயர் செய்தும் நியூட்ரானால் நோவாவிடம் சொல்ல முடியவில்லை. இரண்டாவதில் போர்ட் ஸ்டேட்டஸ் ஒரு கணம் ஆக்டிவ் ஆகியிருக்கும். நியூட்ரான் கான்ஃபிகில் நோவா பிரிவின் பாஸ்வேர்ட் பழையதாக இருக்கிறதா என்று பாருங்கள். 'விஐஎஃப் ப்ளக்கிங் இஸ் ஃபேட்டல்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் எரர் நின்றுவிடும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. நின்றுவிடும்தான்; வயர் ஆகாத போர்ட்டோடு விஎம் பூட் ஆகி, அடுத்த அறிகுறிக்கு வந்து நிற்கும்.

அறிகுறி: விஎம் ஆக்டிவ், ஆனால் ஐபி வரவில்லை

அதிகம் வருவது இதுதான்.

முதல் சோதனையை விஎம்மின் கன்சோலிலிருந்தே செய்யலாம். நியூட்ரான் அந்தப் போர்ட்டுக்குக் கொடுத்த அதே ஐபியை ஸ்டாட்டிக்காகப் போட்டு, அதே நெட்வொர்க்கில் இருக்கும் கேட்வேயை பிங் செய்யுங்கள். வேறு ஐபியைப் போட்டால் போலி முகவரித் தடுப்பே பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும், சோதனை வீண். ஸ்டாட்டிக்கில் பிங் போனால் வழி நன்றாக இருக்கிறது, கோளாறு டிஎச்சிபி சேவையில். பிங் போகாவிட்டால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

பிறகு டேப் இன்டர்ஃபேஸில் டிசிபிடம்ப் போட்டு 67, 68 எண் போர்ட்டுகளை மட்டும் வடிகட்டி, விஎம்மில் டிஎச்சிபியை மறுபடி கேட்க வையுங்கள். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக் என்று நான்கும் வர வேண்டும். எது வரை வருகிறது?

டேப்பில் ஒன்றுமே வரவில்லையா, கெஸ்ட் ஓஎஸ்தான் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சர்வரிலிருந்து எடுத்த இமேஜில் இது சகஜம். நெட்ப்ளான் கோப்பில் பழைய விஎம்மின் மேக் முகவரி பொருத்தமாக எழுதப்பட்டிருக்கும், புது விஎம்மின் மேக் அதோடு பொருந்தாது. பழைய சென்ட்ஓஎஸ் 6 இமேஜ்களில் யுடெவ் விதிக்கோப்பில் இதே தொல்லை. ஈத்0 இருக்க வேண்டிய இடத்தில் ஈத்1 தெரியும். விண்டோஸ் இமேஜ் என்றால் விர்ட்ஐஓ டிரைவர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டேப்பில் டிஸ்கவர் வருகிறது, பதில் இல்லை என்றால் 'ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் ஷோ' போட்டு அந்தப் போர்ட்டின் டேக் எண்ணைப் பாருங்கள். 4095 என்றால் அது செத்த விலேன். ஏஜென்ட் அந்தப் போர்ட்டை வயர் செய்ய முடியாமல் ஓரத்தில் தள்ளிவிட்டது என்று பொருள். ஏஜென்ட் லாகில் அந்தப் போர்ட் ஐடியைத் தேடினால் காரணம் இருக்கும். வேறு ஏதாவது எண் இருந்தால் நல்லது. இந்த எண் அந்த நோட்டுக்குள் மட்டும் செல்லுபடியாவது. ஒரே நெட்வொர்க் இங்கே 3 ஆகவும் பக்கத்து நோட்டில் 7 ஆகவும் இருப்பது பிழை இல்லை.

டேக் சரி என்றால் நோட்டின் நெட்வொர்க் கார்டில் பாருங்கள். இங்கே பலர் சறுக்குவார்கள்: 67, 68 என்று வடிகட்டினால் இங்கே எதுவும் தெரியாது. பாக்கெட் இப்போது விஎக்ஸ்லேன் உறைக்குள் இருக்கிறது, வெளியே தெரிவது யுடிபி 4789 மட்டும். அதை வடிகட்டி, வெளியீட்டில் விஎம்மின் மேக் முகவரியை கிரெப் செய்யுங்கள். டிசிபிடம்ப் உறையைப் பிரித்து உள்ளிருப்பதையும் காட்டும்.

கம்ப்யூட் நோட்டிலிருந்து புறப்படுகிறது, நெட்வொர்க் நோட்டுக்கு வந்து சேரவில்லை என்றால் அண்டர்லே (நோட்டுகளை இணைக்கும் உண்மையான நெட்வொர்க்) பிரச்சினை. இரு நோட்டுகளின் லோக்கல் ஐபிகளுக்கு நடுவே பிங் போகிறதா, ஹோஸ்ட் ஃபயர்வாலில் யுடிபி 4789 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். புறப்படவே இல்லை என்றால் பிஆர்-டன்னில் அந்த நெட்வொர்க் நோட்டுக்கான டன்னல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டன்னல் போர்ட்டின் பெயரிலேயே எதிர் நோட்டின் ஐபி பதினாறடிமான எண்ணாக இருக்கும், 10.0.0.21 என்றால் 0ஏ000015. அது இல்லாவிட்டால் எதிர் நோட்டின் ஏஜென்ட் தன் லோக்கல் ஐபியைத் தவறாகப் பதிந்திருக்கக்கூடும்.

க்யூடிஎச்சிபி நேம்ஸ்பேஸ் வரை வந்தும் பதில் இல்லை என்றால் டிஎன்எஸ்மாஸ்க், அதாவது அங்கே ஐபி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர். ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால், நியூட்ரானின் டிஎச்சிபி அடைவில் நெட்வொர்க் ஐடி பெயரிலுள்ள ஃபோல்டருக்குள் 'ஹோஸ்ட்' என்ற கோப்பைத் திறந்து விஎம்மின் மேக்கைத் தேடுங்கள். டிஎன்எஸ்மாஸ்க் இங்கே அந்தக் கோப்பில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே ஐபி கொடுக்கும். மேக் அங்கே இல்லையென்றால் டிஎச்சிபி ஏஜென்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை; ரேபிட்எம்க்யூவைப் பாருங்கள்.

ப்ரொவைடர் விலேனில் இன்னொரு வம்பு உண்டு. ஐபி வருகிறது, ஆனால் நியூட்ரான் கொடுத்தது அல்ல. ஆஃபரில் சர்வர் ஐடென்டிஃபயர் எந்த முகவரி என்று டிசிபிடம்ப்பின் விரிவான வெளியீட்டில் படியுங்கள். அதே விலேனில் யாரோ செருகிய ரவுட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: ஐபி உண்டு, ஆனால் எஸ்எஸ்எச் சாவி ஏற்கப்படவில்லை, ஹோஸ்ட்நேமும் மாறவில்லை

இது மெட்டாடேட்டா சேவையின் கோளாறு; சாவியையும் ஹோஸ்ட்நேமையும் விஎம் பூட் ஆகும்போது அதனிடம்தான் கேட்கும். கன்சோலிலிருந்து 169.254.169.254க்கு கர்ல் அடித்துப் பாருங்கள்.

பதிலே இல்லாமல் தொங்கினால் வழி இல்லை. நெட்வொர்க்கில் ரவுட்டர் இருந்தால் க்யூரவுட்டர் நேம்ஸ்பேஸில் 80ஆம் போர்ட்டை 9697க்குத் திருப்பும் ஐபிடேபிள்ஸ் விதியும், அந்தப் போர்ட்டில் கேட்கும் ப்ராக்ஸியும் இருக்க வேண்டும். ரவுட்டரே இல்லாத நெட்வொர்க் என்றால் டிஎச்சிபி ஏஜென்ட் கான்ஃபிகில் 'எனேபிள் ஐசொலேட்டட் மெட்டாடேட்டா' ட்ரூ ஆக இருக்க வேண்டும். ஐபியை ஸ்டாட்டிக்காகப் போட்ட விஎம்முக்கு இது போதாது, ஏனென்றால் அந்த ரூட் டிஎச்சிபி வழியாகத்தான் வருகிறது.

403 வந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை. மெட்டாடேட்டா ஏஜென்ட் கான்ஃபிகிலும் நோவா கான்ஃபிகிலும் உள்ள ரகசியச் சொல் ஒன்றாக இல்லை. ஏஜென்ட் லாகே அப்படித்தான் சொல்லும். 500 என்றால் ஏஜென்டால் நோவாவின் 8775 போர்ட்டை எட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: உள்ளே எல்லாம் சரி, வெளியிலிருந்து பிங்கும் எஸ்எஸ்எச்சும் போகவில்லை

டீஃபால்ட் செக்யூரிட்டி குரூப் வெளியே போவதையெல்லாம் விடும். உள்ளே வருவதில் அதே குரூப்பில் இருக்கும் மற்ற விஎம்களை மட்டும் விடும். ஒரே சப்நெட்டில் இருந்தாலும் வேறு வேறு குரூப்பில் இருக்கும் இரண்டு விஎம்கள் பேச முடியாதது இதனால்தான். ஐசிஎம்பிக்கும் டிசிபி 22க்கும் விதி சேர்த்தீர்களா?

செக்யூரிட்டி குரூப்பா, வழியா என்று பிரித்தறிய ஒரு குறுக்குவழி உண்டு. க்யூரவுட்டர் நேம்ஸ்பேஸுக்குள் இருந்து விஎம்மின் ஃபிக்ஸ்ட் ஐபியை பிங் செய்யுங்கள், தோற்றாலும் பரவாயில்லை. உடனே அங்கேயே 'ஐபி நெய்' (ip nei) போடுங்கள். அந்த ஐபிக்கு நேராக மேக் முகவரி வந்து 'ரீச்சபிள்' என்றிருந்தால் ஏஆர்பி (ஐபிக்குரிய மேக்கைக் கேட்கும் கேள்வி) போய்த் திரும்பியிருக்கிறது, வழி நன்றாக இருக்கிறது. மறிப்பது செக்யூரிட்டி குரூப் அல்லது விஎம்முக்குள் இருக்கும் ஃபயர்வால். 'ஃபெயில்ட்' என்றால் 'ஐபி வரவில்லை' அறிகுறியின் டிசிபிடம்ப் வேலைக்குத் திரும்புங்கள். எல்2 பாப்புலேஷனோடு ஏஆர்பி ரெஸ்பாண்டரும் போட்டிருந்தால் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். விஎம் செத்துக்கிடந்தாலும் பிஆர்-டன்னே அதன் சார்பில் பதில் சொல்லிவிடும்.

ஃபிக்ஸ்ட் ஐபி வரை சரி, ஃப்ளோட்டிங் ஐபி (வெளியிலிருந்து விஎம்மை எட்டும் முகவரி) மட்டும் போகவில்லை என்றால் அதே நேம்ஸ்பேஸில் க்யூஜி இன்டர்ஃபேஸில் அந்த முகவரி 32 மாஸ்கோடு உட்கார்ந்திருக்கிறதா, நேட் டேபிளில் அதற்கான விதி இருக்கிறதா, அங்கிருந்து வெளி கேட்வேக்கு பிங் போகிறதா என்று பாருங்கள். டிவிஆர் (ரவுட்டிங்கைக் கம்ப்யூட் நோட்டுகளிலேயே செய்யும் அமைப்பு) என்றால் நெட்வொர்க் நோட்டில் தேடி ஏமாறாதீர்கள்; ஃப்ளோட்டிங் ஐபி கம்ப்யூட் நோட்டின் க்யூரவுட்டர், ஃபிப் நேம்ஸ்பேஸ்கள் வழியாகப் போகும். எல்லாம் சரியாக இருந்தும், சற்று முன் வேறு விஎம்மிலிருந்து எடுத்து மாட்டிய ஐபி என்றால், மேலே இருக்கும் ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலில் பழைய மேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நேம்ஸ்பேஸிலிருந்து ஆர்ப்பிங் விட்டோ, ரவுட்டரில் அந்த ஒரு வரியை அழித்தோ தீர்க்கலாம்.

அறிகுறி: பிங் போகிறது, எஸ்எஸ்எச் தொங்குகிறது

'பிங் போகுதே, அப்புறம் எப்படி நெட்வொர்க் பிரச்சினை?' என்று வாதம் நடக்கும் இடம் இது. எஸ்எஸ்எச்சை '-வி' போட்டு ஓட்டினால் இணைப்பு ஏற்பட்டு, பதிப்பு எண்கள் பரிமாறி, சாவிப் பரிமாற்றத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் வரியில் உறைந்து நிற்கும். ஆப்ட் அப்டேட் பாதியில் நிற்கும். சின்ன வலைப்பக்கம் திறக்கும், பெரியது திறக்காது. சிறிய பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை: எம்டியு.

கணக்கு எளிது. விஎக்ஸ்லேன் உறைக்கு வெளி ஐபி 20, யுடிபி 8, விஎக்ஸ்லேன் 8, உள் ஈத்தர்நெட் 14, மொத்தம் 50 பைட். அண்டர்லே 1500 என்றால் விஎம்முக்கு மிஞ்சுவது 1450. ஓவிஎன்னின் ஜெனீவ் உறைக்கு 58 போய் 1442.

சோதனை: விஎம்மிலிருந்து, துண்டாடக்கூடாது என்று சொல்லி பிங் அனுப்புங்கள், பெரிய எழுத்து எம் ஆப்ஷனுக்குப் பக்கத்தில் 'டூ' (-M do), அளவு 1422. ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளின் 28ஐச் சேர்த்தால் அது 1450. அது போக வேண்டும். 1423 போட்டால் 'செய்தி நீளம் அதிகம்' என்று உடனே மறுக்க வேண்டும். மறுக்காமல் மௌனமாகக் காணாமல் போனால், விஎம் தன் எம்டியு 1500 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 1422ஏ காணாமல் போனால் அண்டர்லேயில் ஏதோ ஒரு சுவிட்ச் போர்ட் 1500 பாக்கெட்டையே விடவில்லை, அல்லது நெட்வொர்க்கின் எம்டியு தப்பாகப் பதியப்பட்டிருக்கிறது.

விஎம்முக்கு எம்டியு டிஎச்சிபியின் 26ஆம் ஆப்ஷனில் வருகிறது. ஐபியை ஸ்டாட்டிக்காகப் போட்ட விஎம் அதைப் பார்ப்பதில்லை. விண்டோஸும் தானாக எடுத்துக்கொள்வதில்லை. கிளவுட்பேஸ்-இனிட்டின் எம்டியு ப்ளகின் தேவை. விஎம் 1450 வைத்திருந்தும் அதற்குள் ஓடும் டாக்கர் கன்டெய்னர் மட்டும் தொங்கினால், டாக்கரின் பிரிட்ஜ் 1500லேயே நிற்கிறது. டாக்கர் டீமன் கான்ஃபிகில் எம்டியுவை 1450 ஆக்குங்கள். விஎம்களுக்குள் குபர்நெட்டிஸ் ஓடி, அதன் நெட்வொர்க்கும் விஎக்ஸ்லேன் என்றால் இன்னொரு 50 கழித்து 1400.

விஎம்மில் 1500தான் வேண்டும் என்றால் அண்டர்லேயைக் குறைந்தது 1550க்கு உயர்த்துங்கள். ஜம்போ 9000 வைப்பது இன்னும் நிம்மதி. எல்லா சுவிட்ச் போர்ட்டிலும் எல்லா நோட்டிலும் செய்து முடித்த பிறகுதான் நியூட்ரானின் 'குளோபல் ஃபிஸ்நெட் எம்டியு'வை மாற்ற வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்குகளின் எம்டியுவைத் தனித்தனியாகப் பார்த்து 'நெட்வொர்க் செட்' மூலம் உயர்த்துங்கள். விஎம்கள் டிஎச்சிபியைப் புதுப்பிக்கும்வரை பழைய எண்ணிலேயே இருக்கும்.

அறிகுறி: சில நேரம் போகிறது, சில நேரம் போகவில்லை

'சில நேரம்' என்பதை முதலில் உடைக்க வேண்டும். நேரத்தைப் பொறுத்தா, இணைப்பைப் பொறுத்தா?

கூட்டம் அதிகமாகும்போது புது இணைப்புகள் மட்டும் தோற்று, பழையவை ஓடிக்கொண்டிருந்தால் டிமெசெக் (கெர்னல் லாக்) பாருங்கள். கான்ட்ராக் (இணைப்புகளைக் கண்காணிக்கும்) டேபிள் நிரம்பிவிட்டது, பாக்கெட்டை எறிகிறேன் என்று கெர்னல் எழுதியிருக்கும். உச்சவரம்பை உயர்த்துங்கள்.

ஃப்ளோட்டிங் ஐபி சில விநாடிக்கு ஒருமுறை வந்து வந்து போனால் எச்ஏ ரவுட்டரில் (ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும் அமைப்பில்) இரண்டு ஆக்டிவ். ரவுட்டர் ஐடியைக் கொடுத்து ஏஜென்ட் பட்டியலை நீளமாகக் கேட்டால் எச்ஏ நிலை தெரியும். எது ஆக்டிவ் என்று தீர்மானிக்கும் கீப்அலைவ்ட் ப்ராசஸ்கள் ஒன்றையொன்று கேட்கவில்லை என்பதே காரணம். அந்தச் செய்தி போவதும் டெனன்ட் நெட்வொர்க் மாதிரி ஒரு டன்னலில்தான், ஆகவே இரு நெட்வொர்க் நோட்டுகளுக்கு நடுவே உள்ள விஎக்ஸ்லேன் வழியைச் சோதியுங்கள்.

இணைப்பைப் பொறுத்து, அதாவது ஒரே இரண்டு விஎம்களுக்கு நடுவே ஐந்து முறை முயன்றால் மூன்று போய் இரண்டு தொங்கினால், பாண்டில் (பல கம்பிகளை ஒன்றாகச் சேர்த்த இணைப்பில்) ஒரு கால் நொண்டுகிறது. விஎக்ஸ்லேன் உறையின் யுடிபி சோர்ஸ் போர்ட், உள்ளிருக்கும் இணைப்பைப் பொறுத்து மாறும். லேயர் 3+4 ஹேஷ் வைத்த பாண்ட் அதைக்கொண்டு எந்தக் கம்பியில் அனுப்புவது என்று தீர்மானிக்கும். இரண்டு கம்பிகளில் ஒன்றின் சுவிட்ச் போர்ட்டில் விலேன் விட்டுப்போயிருந்தால் அந்தப் பக்கம் விழும் இணைப்பெல்லாம் சாகும். ஒவ்வொரு கம்பியாக டவுன் செய்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: விஎம்மின் ஐபி வேலை செய்கிறது, விஐபி வேலை செய்யவில்லை

இரண்டு விஎம்களில் கீப்அலைவ்ட் போட்டு நடுவில் ஒரு விஐபி (இரண்டில் ஒன்று ஏற்கும் பொது ஐபி) வைத்தால், நியூட்ரானின் பார்வையில் அது போலி முகவரி. இரண்டு போர்ட்டுகளிலும் அந்த ஐபியை 'அலவ்ட் அட்ரஸ் பேர்' ஆகச் சேர்க்க வேண்டும். கீப்அலைவ்ட் பேசும் விஆர்ஆர்பி என்பது டிசிபியும் அல்ல யுடிபியும் அல்ல, 112ஆம் எண் ஐபி புரோட்டோகால். அதற்கும் செக்யூரிட்டி குரூப்பில் தனி விதி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு விஎம்மும் தானே மாஸ்டர் என்று நிற்கும். விஐபிக்கென ஒரு நியூட்ரான் போர்ட்டையும் உருவாக்கி வைத்துவிட்டால் அந்த ஐபி வேறு விஎம்முக்குப் போகாது. போர்ட் செக்யூரிட்டியையே அணைத்துவிடுவதும் வேலை செய்யும், ஆனால் அதோடு அந்தப் போர்ட்டின் செக்யூரிட்டி குரூப் பாதுகாப்பும் போய்விடும்.

இரண்டு கார்டு மாட்டிய விஎம்மிலும் இதே தடுப்பு வேறு முகத்தில் வரும். ஈத்1 வழியாக வந்த கேள்விக்குப் பதில், டீஃபால்ட் ரூட் இருக்கும் ஈத்0 வழியாக ஈத்1இன் ஐபியோடு கிளம்பும். ஈத்0இன் போர்ட்டுக்கு அந்த ஐபி அந்நியம், எறிந்துவிடும். இங்கே அட்ரஸ் பேர் சேர்க்காதீர்கள். ஈத்1இன் ஐபியிலிருந்து கிளம்புவதற்கெனத் தனி ரூட் டேபிளும் 'ஐபி ரூல்' ஒன்றும் விஎம்முக்குள் போடுவதே சரி.

ரீஸ்டார்ட் செய்தே தீர வேண்டும் என்றால்

முதலில் அந்த நோட்டின் 'ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் ஷோ', பிஆர்-இன்ட், பிஆர்-டன் இரண்டின் ஃப்ளோ (பாக்கெட்டை எங்கே அனுப்புவது என்ற விதி) டம்ப், 'ஐபிடேபிள்ஸ்-சேவ்', ஏஜென்ட் லாகின் கடைசி ஆயிரம் வரி ஆகியவற்றைக் கோப்பாக எடுத்துவையுங்கள். பிறகு நியூட்ரானின் ஓவிஎஸ் ஏஜென்டை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓபன் விசுவிட்ச் சேவையையே ரீஸ்டார்ட் செய்தால் ஃப்ளோக்கள் அழிந்து, ஏஜென்ட் திரும்ப எழுதும்வரை அந்த நோட்டின் எல்லா விஎம்களும் துண்டிக்கப்படும். எழுந்த பிறகு அதே டம்ப்பை மறுபடி எடுத்து இரண்டையும் டிஃப் போடுங்கள். பாக்கெட் எண்ணிக்கை, நேரம், குக்கி எண் மூன்றையும் நீக்கிவிட்டு ஒப்பிட்டால் எந்த ஃப்ளோ விட்டுப்போயிருந்தது என்பது தெரியும்.